விலை சொல்லும் வாய்

ஜொகூரில் புதிதாக வீடு பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்தவரைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது 'வேலை கிடைக்குதா?' என்றுதான். வேலை கிடைக்காமல் என்ன? மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் என்று எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் முப்பது வயது தாண்டிய தெரஸ் வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேல்மாடிக் குளியலறை ஒழுகி, கீழே வரவேற்பறைச் சிலிங்கில் மஞ்சள் கறை படர்ந்திருக்கும். பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை, பழைய சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கும். இரும்பு கிரில் அடியில் துருவேறி, தொட்டால் உதிரும். இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. காசு கொடுக்கிற ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தொழிலில் இறங்கியவர்கள் ஓராண்டுக்குள் ஸ்குரூடிரைவரை வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மாசாயில் எனக்குத் தெரிந்த ஒருவர் சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருந்தார். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற வாழ்க்கை. 2020 மார்ச் 18ஆம் தேதி பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பாலம் அடைபட்டது. 1924இல் திறப்புவிழா கண்ட ஜொகூர் பாலம், போர்க்காலத்தை விட்டுவிட்டால், அப்படி வெறிச்சோடிக் கிடந்து யாரும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் கையில் தொழில் இருந்தது, கருவிப்பெட்டி இருந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும், சொந்தமாகச் செய்து பார்ப்போம் என்று இறங்கினார். முதல் மூன்று நான்கு மாதம் அழைப்பு ஓயவில்லை. மாமா வீட்டுப் பைப், கோவில் தலைவர் வீட்டுச் சிலிங், கூடப் படித்தவன் வீட்டுக் கேட். எல்லா இடத்திலும் வேலை முடிந்ததும் ஒரே உரையாடல்.

"எவ்வளவு தம்பி ஆச்சு?"

"நீங்க பாத்துக் குடுங்க மாமா."

மாமாவும் பார்த்துத்தான் கொடுத்தார், தம் கண்ணால் பார்த்து. நானூறு வெள்ளி வேலைக்கு நூற்றைம்பது வெள்ளி, கூடவே ஒரு மைலோ, வாய் நிறையப் பாராட்டு.

மாமாவைக் குறை சொல்வது சுலபம். 'நம்ம ஆளுங்களே இப்படித்தான்' என்று தலையில் அடித்துக்கொள்வதும் சுலபம். டீக்கடையில் அதற்கு உடனே ஆள் சேரும். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. இந்த உரையாடலில் இரண்டு பேர் விலை சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோரின் தாத்தாக்கள் தங்கள் உழைப்புக்குத் தாங்களே விலை சொன்னவர்கள் இல்லை. கங்காணி தமிழ்நாட்டு ஊருக்கு வந்து ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தினம் சில காசு கிடைத்தது. கூலி எவ்வளவு என்பதைத் தோட்டத் துரைமாரும் அரசாங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். குறைத்தபோதும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்டுக் கங்காணி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது. அதன் பிறகு சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு பேரம் பேசியது. பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் தொழிலாளிக்காக வேறொருவர் பேசினார். வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை. 'என் ஒரு நாளுக்கு இவ்வளவு' என்று ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய அவசியம் அந்த வாழ்க்கையில் எழவேயில்லை.

மறுபக்கத்தை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. தோட்டத்து லயன் வீட்டில் இருந்தவர் கூரை ஒழுகியதற்காக யாருக்கும் காசு கொடுத்ததும் இல்லை. வீடு தோட்டத்தினுடையது. தகரம் மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் தோட்டத்து ஆசாரி வருவார், வராமலும் இருப்பார். வராவிட்டால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் போய் நிற்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990இல் சட்டமே வந்தது. அதுவும் வீட்டுக்குப் பொறுப்பு முதலாளி என்ற கணக்கில் எழுதிய சட்டம். பிறகு தோட்டங்கள் துண்டாகின, செம்பனைக்கு மாறின, வீடமைப்புக்கு விலையாகின. இன்று கார் நிறுத்த இடம் கிடைக்காத மவுண்ட் ஆஸ்டின், அதே பெயரில் லண்டனில் பங்கு விற்ற ரப்பர் கம்பெனியின் தோட்டம். அப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் மலிவு விலை வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இருபது, முப்பது வருடக் கடனில் தெரஸ் வீடு வாங்கினார்கள். வீட்டுப் பழுதுக்குத் தன் சட்டைப்பையிலிருந்து காசு கொடுக்கும் முதல் தலைமுறை இது. உழைப்புக்குத் தானே விலை சொல்லும் முதல் தலைமுறையும் இதுதான். மாமாவும் மருமகனும் அந்த மைலோவுக்கு முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம் கதைகளிலும் இந்த ஆளைக் காணோம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' முதற்கொண்டு மலேசியத் தோட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. பால்மரத்தை விட்டு வந்து தாமான் வீட்டில் டைல் ஒட்டுகிறவர் நான் படித்த வரையில் இன்னும் கதாநாயகனாகவில்லை. போகட்டும்.

தெரிந்தவர்களிடம் காசு வராது என்று கண்டதும் நம் மாசாய்க்காரர் எல்லாரும் போகிற வழியில்தான் போனார். முகநூலில் பக்கம் திறந்தார். தாமான் வாட்சாப் குழுக்களில் சேர்ந்தார். விளக்குக் கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் யோசனையும் வந்தது, நல்லவேளையாக அதைக் கைவிட்டார். ஜொகூர் பாருவில் கம்பத்துக்குக் கம்பம் வட்டிக்கு விடும் ஆலோங் எண்ணும் பிளம்பர் எண்ணும் அருகருகே ஒட்டிக் கிடக்கின்றன. மாநகராட்சி ஆட்கள் சுரண்டி எடுக்கிறார்கள், மறுநாள் புதிது முளைக்கிறது. வட்டிக்காரனுக்குப் பக்கத்தில் பெயர் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வர என்னை நம்புங்கள் என்று கேட்பது எப்படி?

செயலி வழியும் ஒன்று இருந்தது. 2014இல் தொடங்கிய காவ்டிம், மலேசியாவில் பிளம்பரையும் வயர்மேனையும் பெயிண்டரையும் கைப்பேசிக்குள் கொண்டுவந்த முன்னோடி நிறுவனம். தொடக்கத்தில் அதன் ஏற்பாடு இப்படி: வீட்டுக்காரர் தேவையை எழுதுவார், வேலைக்காரர் முன்பணம் கட்டிப் புள்ளிகள் வாங்கி, அவற்றைச் செலவழித்துத் தம் விலையை அனுப்ப வேண்டும். விலை சொல்வதற்கே காசு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் புள்ளி போனது போனதுதான். முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் கொட்டிய அந்த நிறுவனம் 2022 ஜூலை 1ஆம் தேதி சேவையை நிறுத்திக்கொண்டது. பெருந்தொற்றும் போட்டியும் காரணங்கள்தான். இந்தத் தொழிலின் இயல்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நல்ல பிளம்பர் ஒருவரைச் செயலி அறிமுகப்படுத்தி வைத்தால், அடுத்த முறை வீட்டுக்காரர் செயலியைத் திறக்கமாட்டார், பிளம்பரையே அழைப்பார். முதல் சந்திப்புக்கு மட்டுமே தரகர் தேவைப்படும் தொழிலில் தரகர் எத்தனை நாள் பிழைப்பார்?

மாசாய்க்காரருக்கு உண்மையில் கதவு திறந்தது ஹார்ட்வேர் கடையில். எந்தத் தாமானிலும் கடைவரிசையின் ஓரத்தில் ஒரு சீனர் கடை இருக்கும். வாசலில் மண்வெட்டியும் பிவிசி பைப்பும் சாத்தியிருக்கும். உள்ளே கடை முதலாளியான தவுக்கே, அவருக்குப் பின்னால் ஆயிரம் சிறு பெட்டிகள். வீட்டில் குழாய் உடைந்தவர் முதலில் ஓடிவருவது அங்கேதான். தானே மாற்றிவிடலாம் என்ற வேகத்தில் வாங்கிப் போவார். ஒரு மணி நேரத்தில் நனைந்த சட்டையோடு திரும்பி வந்து, "ஆள் யாராவது இருக்கா, போஸ்?" என்பார். தவுக்கே அப்போது சொல்லும் பெயர்தான் இந்த ஊரில் விளம்பரம். யார் பெயரைச் சொல்வார்? தன்னிடம் கடன் வைக்காத ஆளின் பெயரை. இரண்டாவதாக, தன் கடைச் சாமான் மேல் பழி போடாத ஆளின் பெயரை. மாசாய்க்காரர் ஆறு மாதம் ஒரே கடையில் சாமான் வாங்கினார், ஒவ்வொரு முறையும் ரொக்கம் கொடுத்தார். ஒருநாள் தவுக்கே அவரைக் கேட்காமலே அவர் எண்ணை ஒரு மலாய் ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டு வேலையை நான் உடனிருந்து பார்த்தேன். சிலிங்கில் தாம்பாளம் அளவுக்குக் கறை. ஆசிரியை ஏற்கெனவே இரண்டு பேரிடம் கேட்டிருந்தார். இருவரும் அண்ணாந்து பார்த்து, நின்ற இடத்திலேயே ஆளுக்கொரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் தொகை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். வாசலில் தண்ணீர் மீட்டருக்கு முன் குந்தி உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. அப்படியானால் அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாயில் ஓட்டை இல்லை, கழிவுநீர்க் குழாயோ தரையோ காரணம். மேலே ஏறினார். ஸ்குரூடிரைவரின் பிடியால் குளியலறைத் தரையை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல டைல் கெட்டியாக ஒலித்தது. கழிவுத்துளைக்குப் பக்கத்தில் மூன்று நான்கு டைல்கள் பொள்ளென்று ஒலித்தன. ஆசிரியையை அழைத்து அவரையே தட்டச் சொன்னார். அந்த அம்மாள் குனிந்து தட்டிவிட்டு நிமிர்ந்தபோது, பார்வையில் இருந்த சந்தேகம் பாதி கரைந்திருந்தது. பிறகுதான் விலை. தரையைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்து, கீழே கசிவில்லை என்று ஆசிரியை தம் கண்ணால் கண்ட பிறகு டைல் ஒட்டுவது. நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி. முந்தைய இருவர் சொன்னதைவிட அதிகம். ஆசிரியை பேரம் பேசவில்லை.

நான் அங்கே கண்டது இவ்வளவுதான். வந்தவுடன் சொல்கிற விலையைக் குறைக்கத் தோன்றும். தன் கையால் தட்டிப் பார்த்த டைலுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் கணக்குப் புரியும்.

ஆனால் அந்த ஆசிரியையும் முன்பணம் என்றதும் தயங்கினார். தயக்கம் நியாயமானது. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பாதிச் சுவரை இடித்துப் போட்டுவிட்டு, கைப்பேசியை அடைத்துக்கொண்டு மறைந்த கொந்திராக்டரின் கதை இல்லாத தாமான் ஜொகூரில் கிடையாது. புதிதாக வருகிறவர் தன் முகத்தோடு அந்த மறைந்தவரின் முகத்தையும் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறார்.

சட்டமும் இந்த இடத்தில் வீட்டுக்காரர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. வேலை சரியில்லை என்றால் வீட்டுக்காரர் ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். காசு வராத வேலைக்காரருக்கு அந்தக் கதவு கிடையாது. அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழிக்குப் போகவேண்டும், அங்கே உச்சவரம்பு 5,000 வெள்ளி. கட்டுமானத் துறையில் காசு இழுத்தடிப்பதைத் தடுக்க 2012இல் ஒரு சட்டம் இயற்றி 2014 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் ஒரு தனிமனிதர் முழுக்கத் தான் குடியிருப்பதற்கான, நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில் செய்துகொள்ளும் வேலைக்கு அது செல்லாது என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தெரஸ் வீட்டு ஒழுகல் முழுவதும் அந்த ஒரு வரியில் வெளியே போய்விட்டது. வீட்டுக்காரரைக் காப்பாற்ற வைத்த விலக்கு என்பது புரிகிறது, அதில் குற்றம் காணவில்லை. ஆனால் காசு கொடுப்பவரா இல்லையா என்பதை வேலை தொடங்குமுன்பே கண்டுகொள்ளும் பொறுப்பு முழுக்க வேலைக்காரர் தலையில் விழுகிறது.

மாசாய்க்காரர் செய்துகொண்ட ஏற்பாடு பழைய வழிதான். முன்பணத்தைக் கூலிக்கென்று கேட்பதில்லை, சாமானுக்கு மட்டும். அதையும் வீட்டுக்காரரே ஹார்ட்வேர் கடையில் நேராகக் கட்டிவிடலாம், ரசீது அவர் பெயரிலேயே இருக்கும். உடைத்து முடித்ததும் ஒரு பங்கு, தண்ணீர் கட்டிய சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, மிச்சம் கடைசியில். எந்தக் கட்டத்திலும் இரண்டு பக்கமும் பெரிதாக ஏமாற முடியாது.

பதிவு, உரிமம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உரிமம் வாங்கினால் ஆள் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நிறுவனப் பதிவு ஆணையத்தில் வியாபாரப் பெயர் பதிவது சில பத்து வெள்ளிச் செலவு. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் ஜி1 தரம் வாங்கினால் ஒரு வரம்பு வரை வேலை எடுக்கலாம். மின்வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் கட்டாயம். அதில் விளையாடக் கூடாது, உயிர் விஷயம். வாங்கவேண்டியவற்றை வாங்கத்தான் வேண்டும். அரசாங்கத்தின் சிறு வேலைகளைக் குலுக்கலில் தருகிறார்கள்; பெரும்பாலும் பூமிபுத்ரா குத்தகையாளருக்கென்று ஒதுக்கியவை, நம்மவருக்கு அங்கே இடமில்லை. அரசாங்கச் சிறுகடன் நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டத்தில் இந்தியர்களுக்குக் கடன் தருகிறார்கள், டிரில்லும் கட்டிங் மிஷினும் வாங்கலாம். ஆனால் பட்டறைகளும் கருத்தரங்குகளும் கடனைப் பற்றியே பேசி முடிந்துவிடுகின்றன. விலை சொல்ல யாரும் கற்றுத்தருவதில்லை.

பருவங்களையும் மாசாய்க்காரர் மெல்லக் கற்றார். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து நம்மவர் வீடுகளில் சாயம் அடிக்கும் வேலை குவியும். எல்லாரும் கடைசி வாரத்தில்தான் அழைப்பார்கள். வீட்டுக்காரர் அப்போது முறுக்குக்கும் துணிமணிக்கும் நடுவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார், சாயத்துக் காசு தீபாவளி கழிந்து வரும், அல்லது வராது. சீனப் புத்தாண்டு வேலைக்குக் காசு பண்டிகைக்கு முன்பே கைக்கு வந்துவிடும், பழைய பாக்கியோடு புது வருடத்துக்குள் போவதை அவர்கள் விரும்புவதில்லை. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் வேலைப் பருவமும் கூடவே நகரும். 2026இல் அதற்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவே ஒரு மாதம்தான். வெள்ளம் கணக்கிலேயே சேராது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமாட்டும் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமாட், குளுவாங் பக்கமெல்லாம் தண்ணீர். மாநிலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் இருந்தார்கள். அந்த வாரங்களில் வேலை மலையளவு, கையில் காசுள்ள ஆள் ஒருவரும் இல்லை. அப்போது போய்ச் சேற்றை வழித்துக் கொடுப்பதைத் தொழில் கணக்கில் எழுதக்கூடாது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

இப்போது அவரிடம் புதிய வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. வந்து பார்க்க ஐம்பது வெள்ளி. வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார். இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார். "பாக்குறதுக்கே காசா அண்ணே?" என்று பலர் வைத்துவிடுகிறார்கள். வைத்துவிடுகிறவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேலையும் கொடுக்கிறார்கள், காசும் கொடுக்கிறார்கள். அவர் மனைவிக்குத்தான் முதலில் சங்கடம்: சொந்தக்காரர் அழைத்தால் என்ன செய்வது? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொல்வது எளிது, மாமா வீட்டுக் கல்யாணத்தில் போய் உட்கார வேண்டியவர் அவர் அல்லவா?

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மாமா வீடானாலும் கோவிலானாலும் கொட்டேஷன் எழுதுகிறார்கள், மனைவிதான் எழுதுகிறார், அவர் கையெழுத்துதான் புரியும்படி இருக்கிறது. முழு விலையும் போடுகிறார்கள்: சாமான் இவ்வளவு, கூலி இத்தனை நாளுக்கு இவ்வளவு. மாமாவென்றால் அதன் கீழே 'உறவுக் கழிவு', கோவிலென்றால் 'உபயம்' என்று எழுதி, கொடுக்க விரும்பும் தொகையைக் கழிக்கிறார்கள். சென்ற ஆண்டு தாமான் கோவில் மடைப்பள்ளிக் கூரைக்கு அப்படி ஒரு தாள் போனது. கூலி முழுவதும் உபயம், சாமானுக்கு மட்டும் காசு. பொருளாளர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு கூரைக்குக் கூலியே இவ்வளவா தம்பி?" என்றார். ஆமாம் என்றார் இவர். பொருளாளர் உபயதாரர் பட்டியலில் அந்தத் தொகையை எழுதினார். அடுத்த மாதம் தம் வீட்டுச் சமையலறை வேலைக்கு இவரையே கூப்பிட்டு, ஐம்பது வெள்ளியை முதலிலேயே எடுத்து வைத்தார்.